வீட்டில் துறவி நண்டு வளர்க்க

டரான்டுலா போன்ற வித்தியாசமான பிராணி வளர்க்க ஆசையா? அந்தப் பெரிய சிலந்தியை வளர்க்க சிங்கப்பூரில் அனுமதியில்லை. காலிச் சங்குக்குள் குடியிருந்து நிலத்தில் வாழும் துறவி நண்டுக்கு (hermit crab) உண்டு.

மூடியுள்ள கண்ணாடித் தொட்டியில் 5 பங்கு மணல், 1 பங்கு தேங்காய் நார்த்தூள் கலந்து, குறைந்தது 15 செ.மீ. ஆழத்துக்கு நிரப்புங்கள். ஈரம், கைப்பிடியில் உருட்டினால் உதிராத அளவு. தண்ணீர் சொட்டினால் அதிகம், நண்டு தோண்டும் வளை சரிந்துவிடும்.

நண்டு செவுளால்தான் மூச்சு விடுகிறது, செவுள் காய்ந்தால் செத்துப்போகும். தொட்டிக்குள் காற்றின் ஈரப்பதம் 80% அருகே இருக்கட்டும். நம் ஊர்க் காற்றே போதுமென்று நினைத்து, இரவெல்லாம் ஏர்கான் ஓடும் அறையில் தொட்டியைத் திறந்து வைப்பவர்கள்தான் நண்டை அதிகம் இழக்கிறார்கள்.

இரண்டு கிண்ணம் வேண்டும்: ஒன்றில் நன்னீர், மற்றதில் லிட்டருக்கு 35 கிராம் கடல் மீன்தொட்டி உப்பு கரைத்த நீர். சமையல் உப்பு ஆகாது. குழாய் நீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி இருப்பதால், ஒரு இரவு திறந்து வைத்தாலும் போகாது. மீன்கடையில் விற்கும் குளோரின் நீக்கி சேர்த்தே ஊற்றுங்கள்.

ஒரு நண்டுக்கு மூன்று காலிச் சங்கு, சாயம் பூசாதது, இப்போதுள்ள சங்கைவிடச் சற்றுப் பெரிதாக.

மண்ணுக்குள் போய் வாரக்கணக்கில் காணவில்லையா? தோண்டாதீர்கள். தோலுரிக்கிறது, உரித்த தோலையே தின்று தெம்பாகும். அழுகிய மீன் வாடை வந்தால்தான் செத்துவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும்.