ஹாம் ரேடியோவில் 27 நாள் கணக்கு

பூமியின் காந்தப்புலக் கலக்கத்தை 0 முதல் 9 வரை அளக்கும் கேபி (Kp) எண் 5-ஐத் தொட்ட நாளைக் காலண்டரில் வட்டமிட்டு, அங்கிருந்து 27 நாள் எண்ணி இன்னொரு வட்டம் போட்டுவிடுங்கள். அந்த நாளிலும் அதற்கு முன்பின் ஒரு நாளிலும் துருவத்தை ஒட்டிப் போகும் வட அமெரிக்கத் தொடர்புகளைத் திட்டமிட வேண்டாம்.

பூமியிலிருந்து பார்த்தால் சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 27 நாள் ஆகும். சூரிய ஒளிவட்டத் துளைகள் (கொரோனா துளைகள்) பல சுற்றுகள் வரை கலையாமல் நிற்பதால், அவற்றிலிருந்து வீசும் வேகக் காற்று முறை தவறாமல் திரும்ப நம்மேல் பட்டுக் காந்தப்புலத்தைக் கலக்கும்; துருவப் பாதைதான் அதில் அதிகம் அடிபடும். சூரியச் சுழற்சியின் இறங்குமுக ஆண்டுகளில் இந்தக் கணக்கு நன்றாகவே பலிக்கும்.

முந்தின நாள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் நோவா (NOAA) விண்வெளி வானிலை மையம் மூன்று நாள் முன்கணிப்பை நம் நேரப்படி காலை 6, மாலை 6 மணிக்குப் புதுப்பிக்கிறது. அதில் நேரம் யுடிசியில் (UTC, உலகப் பொது நேரம்) இருக்கும். 00-03 என்ற கட்டம் நமக்குக் காலை 5.30 முதல் 8.30 வரை. பலர் சறுக்குவது இங்கேதான்.

சூரியத் தீப்பிழம்புக்கும் ஒளிவட்டப் பொருள் வீச்சுக்கும் இந்தக் கணக்கு உதவாது. அவை நாள் பார்த்து வருவதில்லை. எம்1 (நடுத்தர வலிமை) அல்லது அதற்கு மேற்பட்ட தீப்பிழம்பு வந்தால் பகல் பக்கத்தில் 40 மீட்டர் போன்ற தாழ் அலைவரிசைகள்தான் முதலில் அடங்கும். 15 அல்லது 10 மீட்டருக்கு ஏறிப் பாருங்கள். பெரிய எக்ஸ் வகை என்றால் அதுவும் கைகொடுக்காமல் போகலாம்.