சோளகக் காலத்தில் பெரிய மரங்களுக்குத் தண்ணீர்

வைகாசி பிறந்து சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசத் தொடங்கினால் யாழ்ப்பாணத்து வளவுகளில் முற்றிய மாமரம்கூட இலை சோரும். பெரிய மரம்தானே என்று தண்ணீர் ஊற்றாமல் இருந்துவிடாதீர்கள். எங்கள் செம்மண்ணுக்குக் கீழே பல இடங்களில் சுண்ணாம்புக்கல். வேர் ஆழம் போக இடம் குறைவு.

பலரும் அடிமரத்திலேயே வாளியைக் கவிழ்க்கிறார்கள். வீண் வேலை. தண்ணீர் உறிஞ்சும் இளவேர்கள் கிளைகள் முடியும் ஓரத்தை ஒட்டித்தான் அதிகம். அங்கே வேரை வெட்டாமல் 4 விரல் ஆழத்தில் வட்ட வாய்க்கால் எடுத்து, 10, 15 நாளுக்கு ஒருமுறை, மாலையில், மெதுவாக நிறைய விடுங்கள். தினமும் கொஞ்சம் தெளித்தால் மேல்மண்தான் நனையும். மறுநாள் அலவாங்கை (கடப்பாரையை) மண்ணில் குத்திப் பாருங்கள். ஓரடி சுலபமாக இறங்கினால் சரி.

அப்புறம், கூட்டிய சருகை எரிக்காதீர்கள் (காலையில் வேலியோரம் புகை எழாத வீடு குறைவு!). மரத்தைச் சுற்றி 3, 4 அங்குலம் பரப்பி, மேலே பழைய கிடுகு (பின்னிய தென்னோலை) போட்டால் காற்றுக்குப் பறக்காது. அடிமரத்தை ஒட்டாமல் ஓரடி தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் பட்டை அழுகும், கறையானும் ஏறும். பச்சைக் கிளை வெட்டுவதையும் பசளை (உரம்) போடுவதையும் ஐப்பசி மழைவரை தள்ளிப்போடலாம்.