ஜிபிஎஸ் பாடம் எழுதுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் கரையை ஒட்டி நிற்கும். பையன்களுக்கு ஜிபிஎஸ் சொல்லித்தர அதைவிட நல்ல நேரம் கிடையாது. இப்போது படித்த தம்பிகள் சிலர் தாங்களே செய்முறைத் தாள் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் நான் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகள் அவற்றில் வரிசையாக நிற்கின்றன. எழுத்துப்பிழை, மங்கலான படம் எல்லாம் யார் கண்ணிலும் படும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

உங்கள் கருவி எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லாமல் விடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

என் முதல் தாளில் 'பாயிண்டை அடித்து சேமிக்கவும்' என்று ஒரே வரி எழுதியிருந்தேன். பாயிண்ட் என்றால் கடலில் ஓர் இடத்தைக் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள். என் கருவி டிகிரியும், தசமத்தோடு மினிட்டும் காட்டும்படி முன்பே செட் ஆகியிருந்தது. எல்லாக் கருவியும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். ஒரு தம்பி வாங்கிய புதுக் கருவியில் மினிட்டே கிடையாது, டிகிரிக்கு மட்டும் தசமம். தாளில் இருந்த எண்களை அவன் வரிசையாக அடித்தான். கட்டங்களில் எல்லாம் சரியாக உட்கார்ந்தன, கருவியும் எதுவும் சொல்லவில்லை. விடியற்காலையில் போய்ப் பார்த்தால், பார் (கடலடிப் பாறை) இருக்க வேண்டிய இடத்தில், கடலடியைக் காட்டும் எக்கோ சவுண்டர் வெறும் சேற்றைக் காட்டியிருக்கிறது. “அண்ணே, நீங்க எழுதுனபடிதான் அடிச்சேன்” என்றான். உண்மைதான். ஒரு நாள் டீசலும் நாலு பேர் உழைப்பும் என் ஒரு வரியால் போயின.

அவனுக்கு டீசலோடு போயிற்று. 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில், வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) எல்லைக்கோட்டின் ஒரு புள்ளி வடக்கு 9 டிகிரி 21.80 மினிட், கிழக்கு 79 டிகிரி 30.70 மினிட். அதையே 9.2180, 79.3070 என்று அடித்துப் பாருங்கள். புள்ளி 27 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ராமேஸ்வரம் தீவைத் தாண்டித் தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) போய் விழும். அதை நம்பி வடகடலில் தொழிலுக்குப் போகிறவனுக்கு எல்லை வந்தது எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் பிடிபட்டால் படகும் போகும், ஆளும் சிறையில் இருப்பான்.

சின்ன விலகல் இன்னும் மோசம். அதே கோட்டில் இன்னொரு புள்ளி 9 டிகிரி 40.15 மினிட். அதை 40 மினிட் 15 செகண்ட் என்று அடித்தால் 40.25 ஆகிவிடும். அட்சரேகையில் ஒரு மினிட் என்பது ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். அதில் பத்தில் ஒன்று, 185 மீட்டர், இடம் மாறிவிட்டது. பார் இருக்கும் இடத்தில் இப்படி நடந்தால் வலை மாட்டிக் கிழிந்த பிறகுதான் தெரியும்.

அதனால் தாளின் முதல் வரியே செட்டப்பில் 'பொசிஷன் ஃபார்மட்' பார்ப்பதாக இருக்கட்டும். திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று புள்ளி, இடைவெளி மாறாமல் எழுதிக் காட்டுங்கள். எழுதுவதற்கு முன் பக்கத்துப் படகின் கருவியை வாங்கி, அதில் முதலிலிருந்து செய்து பாருங்கள். உங்கள் கருவியையே புதிதுபோல் ரீசெட் செய்வதாக இருந்தால், பாயிண்டுகளை முதலில் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அழிந்துவிடும்.

பொத்தான் பெயரைத் தமிழாக்குவது

திரையில் 'மார்க்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. நீங்கள் 'குறியிடுக' என்று எழுதினால் அவன் அதைத்தான் தேடுவான். விளக்கம் தமிழில் இருக்கட்டும், பெயர் திரையில் உள்ளபடியே இருக்கட்டும்.

'ரொம்ப சுலபம்' என்று எழுதுவது

வேண்டாம். வராதவன் மனம் விட்டுவிடுவான்.

ஒரே தாளில் எல்லாம்

பாயிண்ட் அடிக்க ஒரு தாள், கரை திரும்ப ஒரு தாள்.

கொடுத்துவிட்டுப் போய்விடுவது

கற்றுக்கொள்பவரிடம் தாளைக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். வாய் திறக்காதீர்கள். அவர் விரல் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு வரி குறைகிறது.

போன தடைக்காலத்தில் தங்கச்சிமடத்து மாமா ஒருவரிடம் தாளைக் கொடுத்தேன். நட்சத்திரம் பார்த்துப் படகு ஓட்டிப் பழகியவர். மூன்றாவது வரியில் 'மேலே போகவும்' என்று எழுதியிருந்தேன். மேல் அம்பை அழுத்துவதா, பட்டியலின் உச்சிக்குப் போவதா? விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. என் முகத்தைப் பார்த்தார், பிறகு தாளைப் பார்த்தார். சொல்லிவிடலாம் என்று நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். அன்று இரவே அந்த வரியை மாற்றினேன்: 'மேல் அம்பை இரண்டு முறை அழுத்தவும். செட்டப் என்ற சொல் கறுப்புப் பட்டைக்குள் வரும்.'