விவாதம் பார்த்துவிட்டு "யார் ஜெயித்தது?" என்பதற்குமுன்

அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் உட்கட்சி விவாதம் அவர்கள் கிழக்குக் கரை நேரப்படி இரவு 9 மணிக்கென்றால், கோலாலம்பூரில் மறுநாள் காலை 9. குளிர்காலத்தில் 10. பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் உட்கார்ந்து பார்ப்பதானால் இயர்போன் கட்டாயம். தே தாரிக் ஆறினாலும் பரவாயில்லை, வாட்ஸ்அப்பை மட்டும் திறக்காதீர்கள். குழுவில் வரும் முதல் கருத்து உங்கள் கருத்தாகிவிடும்.

ஒரு தாளில் ஆளுக்கு ஒரு வரி: கேட்டது என்ன, சொன்னது என்ன, எங்கே நழுவினார். பதிலுக்குப் பெரும்பாலும் ஒரு நிமிடம்தான் என்பதால் கைதட்டல் வாங்கும் வரிகளை முன்பே மனப்பாடம் செய்து வருவார்கள். அவற்றுக்கு மதிப்பெண் வேண்டாம்.

நம்மவர் என்ற பாசம்தான் பெரிய பொறி. 2023 ஆகஸ்ட் 23 குடியரசுக் கட்சியின் மில்வாக்கி விவாத மேடையில் 8 பேர். பார்த்தவர்கள் பேச்சு முழுக்க தமிழ் வம்சாவளி வேட்பாளர் விவேக் ராமசாமியைப் பற்றி. 2024 ஜனவரி 15 அயோவா மாநில உட்கட்சி வாக்கெடுப்பில் அவருக்குச் சுமார் 8 சதவீதம், நான்காம் இடம். விவாதத்துக்கே வராத டிரம்ப் 51 சதவீதம்!

இணையத்தில் யாரும் தட்டிவிடும் வாக்கெடுப்பை ஒதுக்குங்கள், ரசிகர்கள் படையாக வந்து குத்துவார்கள். முறையாக மாதிரி எடுத்த கருத்துக்கணிப்பு வரச் சில நாளாகும். அதுவரை தாளைப் பத்திரமாக வையுங்கள்.