அப்பா மறுபடி பேச ஆரம்பித்தது எப்படி?

அம்மா போன பிறகு அப்பாவை மயிலாடுதுறையிலிருந்து தாம்பரத்துக்கு அழைத்து வந்தோம். வேளாவேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, பேரப்பிள்ளைகள் எல்லாம் இருந்தும் ஆள் வாடிக்கொண்டே போனார். கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்பார். உடம்பில் கோளாறு எதுவும் இல்லை என்றார் டாக்டர்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1938-இல் தொடங்கி இன்றும் நடத்திவரும் ஆய்வு ஒன்று உண்டு. அதில், 50 வயதில் உறவுகளில் அதிக நிறைவோடு இருந்தவர்களே 80 வயதில் மற்றவர்களைவிட ஆரோக்கியத்தோடு இருந்தார்கள். அதை முன்கூட்டிச் சொல்ல கொலஸ்ட்ரால் அளவைவிட உறவுதான் உதவியது. அப்பாவுக்கு நாங்கள் இருந்தோம், சரி. ஆனால் அவர் வயதுக்காரர் யாரும் இல்லை. அவரால் ஆக வேண்டிய வேலையும் இல்லை. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய குறை.

இஸ்திரிக்குத் துணி கொடுத்து வாங்கும் வேலையை அவரிடம் விட்டேன். தெருமுனை வேப்பமரத்தடியில் வண்டி நிற்கும். முதலில் மூட்டையை வைத்துவிட்டு உடனே திரும்பிவிடுவார். அப்புறம் ஒருநாள் இஸ்திரிக்காரர், மகளின் உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பேங்க்கில் வேலை பார்த்த மனிதருக்கு அது போதும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நிதானமாக நிரப்பினார். மறுநாளே இன்னொருவர் பாஸ்புக்கோடு வந்தார். இப்போது வண்டிக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு ஸ்டூல் இருக்கிறது.

ஞாயிறுதோறும் ஊர் நண்பருக்குப் போன் போட்டுக் கொடுக்கிறேன். வீடியோ கால் அவருக்கு ஒத்துவரவில்லை, வெறும் குரல்தான் பிடிக்கிறது. பேசி முடித்ததும் ஊர்க்கதையை எங்களுக்கும் சொல்கிறார். குழம்பில் உப்பு குறைவு என்று சண்டையும் போடுகிறார்.