லயத்துக்குக் கீழே மானாப்புல் பற்றினால்

ஆடி, ஆவணியில் நுவரெலியாப் பக்கம் மழை பெய்யும்போதே, மலையைத் தாண்டி ஊவா மாகாணத்துக்குள் இறங்கும் காற்று ஈரமில்லாமல் வருகிறது. பண்டாரவளை, எல்ல, அப்புத்தளைச் சரிவுகளில் ஆளுயர மானாப்புல் அதில் சருகாகிவிடும். மாட்டுக்குத் தளிர்ப்புல் வேண்டுமென்று ஒருவர் வைக்கும் தீ போதும். ஆகவே லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, சுற்றிப் புல் வெட்டும் வேலையை ஆனி மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

தீ மேட்டைப் பார்த்துத்தான் ஓடும். சரிவு 10 பாகை கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால் லயத்தின் கீழ்ப்பக்கம் 30 அடிக்கும், மற்றப் பக்கங்களில் 15 அடிக்கும் புல்லை 4 அங்குல உயரத்துக்கு வெட்டுங்கள். வெளி ஓரத்தில் மட்டும் 6 அடி அகலத்துக்கு மண் தெரியச் செதுக்கினால் போதும். முழுவதையும் மம்பட்டியால் சுரண்டினால் ஐப்பசி மழையில் மேல்மண் கரைந்து வடிகானை அடைக்கும். மலைக்குக் குறுக்கே மட்டமாகச் செதுக்குங்கள். மேலிருந்து கீழாகச் செதுக்கினால் மழைத்தண்ணீர் அதையே ஓடையாக்கிவிடும். வெட்டிய புல்லைக் கீழ்ச்சரிவில் குவிப்பதுதான் பலர் செய்யும் பிழை. அதை மாட்டுப்பட்டிக்கோ உரக்குழிக்கோ கொண்டுபோங்கள்.

வீட்டைவிட முதலில் போவது தண்ணீர்தான். மேலே ஊற்றிலிருந்து வரும் கறுப்புக் குழாய் புல்லுக்குள் கிடக்கும்; தீ பட்டதும் உருகி அறும். ஒரு லயமே நாட்கணக்கில் குடத்தோடு அலைய வேண்டிவரும். புல்லைக் கடக்கும் இடமெல்லாம் குழாயை ஓரடி ஆழத்தில் புதையுங்கள். புதைக்க முடியாத பாறையில் இருபுறமும் 3 அடிக்குப் புல்லை எடுத்துவிடுங்கள். தீக்காலம் முடியும்வரை லயத்தருகே ஒரு பீப்பாய் தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

தகரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்துகளில் தீப்பொறி நுழையும். களிமண்ணாலோ தகரத் துண்டாலோ அடையுங்கள். கூரையில் விழும் பைன் இலையை வாரந்தோறும் கூட்டுங்கள். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) விறகு அடுக்க வேண்டாம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடதாசிகள் ஒரே பையில் இருக்கட்டும். அவை எரிந்தால் மறுபடி எடுக்க நாட்சம்பளத்தை விட்டுவிட்டு அலைய வேண்டும்.

தீ கண்டதும் தீயணைப்புப் படைக்கு 110இலும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117இலும் சொல்லுங்கள். அணைப்பவர்கள் பருத்தி உடுப்போடு போகட்டும். நைலோன் உருகித் தோலில் ஒட்டும். தீக்கு மேலேயோ ஓடைப் பள்ளத்திலோ ஒருபோதும் நிற்காதீர்கள். எரிந்து முடிந்த கரிப்பக்கம் நின்று, நனைத்த சாக்கால் அழுத்தி அணையுங்கள். ஓங்கி வீசி அடித்தால் பொறி பறந்து புதுப் புல்லில் விழும். மருந்தடிக்கும் டாங்கியைக் கழுவித் தண்ணீர் நிரப்பினால் 16 லீற்றர் வரை சுமக்கலாம். சுவாலை இடுப்புக்கு மேலே எழுந்தால் விட்டுவிடுங்கள். முதியவர்களையும் பிள்ளைகளையும் அதற்கு முன்பே, சரிவின் பக்கவாட்டில், வெளியேற்றியிருக்க வேண்டும்.

அணைந்த பிறகும் பைன் வேரும் கட்டையும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பாருங்கள்; சூடிருந்தால் கிளறித் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று நாளாவது காவல் வேண்டும்.

வெந்த சரிவில் புல்வேரின் பிடி தளர்ந்திருக்கும்; மழையில் மண்சரிவு வரலாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தாலே விழித்திருங்கள். மேட்டில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று கண்டால் அறிவித்தலுக்குக் காத்திராமல், சரிவுக்கு அப்பாலுள்ள பாடசாலைக்குப் பகலிலேயே போய்விடுங்கள்.