வன்னி வீதிகளுக்கு ஏற்ற ரயர்: தெரிவும் பராமரிப்பும்

வன்னியில் வாகனம் ஓட்டுபவர் ஒரே நாளில் இரண்டு விதமான வீதிகளைச் சந்திக்கிறார். வவுனியாவிலிருந்து ஏ9 காப்பற் வீதியில் வேகமாக வரும் அதே வாகனம், புளியங்குளத்திலோ மாங்குளத்திலோ திரும்பி உட்கிராமம் ஒன்றுக்குள் நுழைந்ததும் கிரவலிலும் கூர்க்கல்லிலும் கிடங்குகளிலும் விழுந்தெழும்பிச் செல்ல வேண்டியிருக்கிறது. கோடையில் கொதிக்கும் தார், மாரியில் குளங்கள் வான் பாய்ந்து வீதியை ஊடறுக்கும் வெள்ளம், இரவில் ஏ9 வீதியின் நடுவே படுத்திருக்கும் மாடுகள் ஆகிய எல்லாவற்றுக்கும் நடுவில் வாகனத்தைத் தரையோடு பிடித்து வைத்திருப்பவை, உள்ளங்கை அளவில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரயர்ப் பரப்புகள் மாத்திரமே. ஆகவே, விலையை மட்டும் கேட்டு ரயர் வாங்குவதையும், காற்று முற்றாகப் போன பிறகு மட்டும் அதைத் திரும்பிப் பார்ப்பதையும் நாம் கைவிட வேண்டும்.

காற்று அமுக்கம்

பராமரிப்பில் முதலிடம் காற்றுக்கே உரியது. அதற்குச் செலவு ஏறக்குறைய எதுவுமில்லை என்பதால் அதைத் தவறவிடுவதற்கு நியாயமும் இல்லை. காற்றுக் குறைந்த ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடிந்து நிமிர்கிறது. அந்த அசைவு உள்ளே வெப்பத்தை உண்டாக்க, வெப்பம் இறப்பரையும் அதனுள் இருக்கும் இழைகளையும் மெல்ல மெல்லப் பிரித்துவிட, ஒரு நாள் வேகமாகச் செல்லும்போது ரயர் வெடிக்கிறது. வெயில் காலத்தில் வெடிக்காமல் இருக்கக் காற்றைக் குறைத்து அடிக்க வேண்டும் என்று சிலர் சொல்லும் ஆலோசனை, காக்க நினைக்கும் ரயரையே கெடுத்துவிடுகிறது. கோடையில் ஆபத்து அதிகம் காற்றுக் குறைவான ரயருக்குத்தான்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதை ரயரில் தேட வேண்டாம். பக்கச்சுவரில் எழுதப்பட்டிருக்கும் அமுக்கம் அந்த ரயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் வாகனத்துக்குப் பொருத்தமான அளவு அதுவல்ல. சரியான அளவு பெரும்பாலும் சாரதியின் கதவைத் திறந்ததும் தெரியும் தூணில் ஒட்டப்பட்டிருக்கும், அல்லது எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ கைநூலிலோ இருக்கும். மோட்டார் சைக்கிளானால் சங்கிலி மூடியிலோ அதன் அருகிலோ பாருங்கள். அந்த அட்டவணையில் வெறும் வாகனத்துக்கு ஓர் அளவும் முழுப் பாரத்துக்கு வேறோர் அளவும் தரப்பட்டிருக்கும். குடும்பத்தோடு மடுவுக்குச் செல்லும் வானுக்கு இரண்டாவது அளவே உரியது.

அமுக்கத்தை ரயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். வாகனம் மூன்று மணித்தியாலமாவது நிழலில் நின்றிருக்க வேண்டும். அல்லது இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு மேல் ஓடாதிருக்க வேண்டும். காலை நேரமே இதற்கு உகந்தது. வெப்பநிலை 5 முதல் 6 செல்சியஸ் பாகை உயர்ந்தால் கார் ரயரின் அமுக்கம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் என்ற அமுக்க அலகு) கூடும். எனவே நீண்ட ஓட்டத்தின் பின்னர் அளந்து, 4 அல்லது 5 பி.எஸ்.ஐ. கூடியிருக்கிறது என்று காற்றைத் திறந்துவிடாதீர்கள். மறுநாட் காலையில் அது தேவையானதைவிடக் குறைந்து நிற்கும். ரயர்க் கடைகளில் உள்ள அமுக்கமானிகள் விழுந்தும் அடிபட்டும் பிழையான அளவு காட்டக்கூடும் என்பதால், சொந்தமாக ஓர் அமுக்கமானி வாங்கி வாகனத்தில் வைத்திருப்பது நல்லது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையும் நெடும்பயணத்துக்கு முன்னரும் அளந்தால் போதுமானது. ஒரு ரயர் மட்டும் அடிக்கடி இறங்குமானால், வால்வின் வாயில் சவர்க்கார நீரை ஒரு துளி விட்டுப் பாருங்கள். குமிழி எழுந்தால் குறை அங்கேயே இருக்கிறது. வால்வு மூடி தொலைந்தால் உடனே வேறொன்று போடுங்கள், நமது செம்புழுதி வால்வுக்குள் புகுந்து அதை இறுக்கமாக மூடவிடாது. நைதரசன் நிரப்புவதற்குப் பணம் செலவிட வேண்டிய தேவை சாதாரண வாகனங்களுக்கு இல்லை. நாம் அடிக்கும் காற்றிலேயே ஏறத்தாழ 78 வீதம் நைதரசன்தான்.

பக்கச்சுவரை வாசித்தல்

புதிய ரயர் வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் கேட்கும் முன்பு ரயரையே வாசியுங்கள். ஒரு காரின் ரயரில் 195/65 ஆர் 15 91 எச் என்று இருந்தால், அகலம் 195 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 வீதம், கட்டமைப்பு ரேடியல் (உள்ளிழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேர்குறுக்காகச் செல்வது), ரயர் பூட்டப்படும் றிம்மின் விட்டம் 15 அங்குலம் என்பது பொருள். அடுத்து வரும் 91 பாரக் குறியீடு. ஒரு ரயர் 615 கிலோகிராம் வரை தாங்கும் என்கிறது. எச் என்ற எழுத்து மணிக்கு 210 கிலோமீற்றர் வரையான வேகத்தைக் குறிக்கிறது. நமது வீதிகளில் அந்த வேகத்துக்கு இடமில்லை; ஆனால் பாரக் குறியீடு அப்படியல்ல. ஒரு மூடை நெல்லை 70 கிலோகிராம் என்று கொண்டால், 15 மூடையிலேயே ஒரு தொன் தாண்டிவிடுகிறது. அறுவடைக் காலத்தில் சிறிய லொறிகளில் ஏற்றப்படும் பாரத்தைப் பார்க்கும்போது, பின் ரயர்கள் ஏன் அடிக்கடி வெடிக்கின்றன என்று கேட்கத் தேவையில்லை. வாகனத்துடன் வந்த ரயரின் பாரக் குறியீட்டுக்குக் குறைந்த ரயரை எக்காரணத்துக்காகவும் வாங்க வேண்டாம். சிறு பாரவூர்திகளுக்கும் வான்களுக்கும் எல்.ரி. அல்லது சி என்ற குறியுடைய, பாரத்துக்கென்றே செய்யப்பட்ட ரயர்கள் உள்ளன. அளவு பொருந்துகிறது என்பதற்காக அவற்றின் இடத்தில் கார் ரயரைப் போடுவது ஆபத்தானது.

டி.ஓ.ரி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2323 என்றால் அது 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. இந்த இலக்கம் சில வேளைகளில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும் என்பதால் ரயரைத் திருப்பிப் பாருங்கள். ஓடாமல் கிடந்தாலும் இறப்பர் மூப்படைகிறது. கடை வாசலில் மாதக்கணக்கில் வெயில் குடித்த ரயர் இன்னும் விரைவாக மூப்படைகிறது. ஐந்து ஆண்டு கடந்த ரயரை ஆண்டுதோறும் பரிசோதிக்கும்படியும், பத்து ஆண்டில் கட்டாயம் கழற்றும்படியும் பல உற்பத்தியாளர்கள் கூறுகிறார்கள். நமது வெப்பத்தில் ஆறாம் ஆண்டிலேயே மாற்றுவதற்கு ஆயத்தமாவது புத்திசாலித்தனம் என்பது எனது கருத்து. பக்கச்சுவரை விரலால் சற்று வளைத்துப் பாருங்கள். மயிரிழை போன்ற வெடிப்புகள் வரிசையாகத் திறந்தால், தரையைத் தொடும் பரப்பில் வெட்டப்பட்டிருக்கும் தவாளிப்பு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த ரயரின் காலம் முடிந்துவிட்டது.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் 2022இன் பொருளாதார நெருக்கடியும் நம்மவர் பலரைப் பாவித்த ரயரின் பக்கம் தள்ளின. வசதியில்லாதவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் வாங்குவதானால் உட்புறத்தைத் தடவிப் பார்த்து, ஒட்டுகளும் வீக்கமும் உள்ளனவா என்று உறுதிசெய்ய வேண்டும். மலையின் நடுவே பனிச்செதில் வரையப்பட்ட குறி இருந்தால் அது பனிக்காலத்துக்குச் செய்யப்பட்டது. ஜப்பானிலிருந்து வந்த வாகனங்களில் இத்தகைய ரயர்கள் இருப்பதுண்டு. அவற்றின் மென்மையான இறப்பர் நமது கோடைக்கு ஏற்றதல்ல, விரைவில் கரைந்துவிடும். லொறிகளுக்கு றீபில்ட் ரயர், அதாவது தேய்ந்த ரயருக்கு மேற்பரப்பு இறப்பரைப் புதிதாக ஒட்டியது, போடுவது வழக்கம். அதைப் பின் சில்லுகளோடு நிறுத்திக்கொண்டு, திருப்பும் முன் சில்லுகளுக்குப் புதியதைப் போடுங்கள்.

தேய்வு சொல்லும் செய்தி

தவாளிப்புகளுக்குள் உற்றுப் பார்த்தால் குறுக்காகச் சிறு இறப்பர் மேடுகள் தெரியும். பக்கச்சுவரில் ரி.டபிள்யு.ஐ. என்ற எழுத்தோ சிறு முக்கோணமோ அவை இருக்கும் இடத்தைக் காட்டும். கார் ரயரில் அவை 1.6 மில்லிமீற்றர் உயரமானவை. மேற்பரப்பு தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் அது மொட்டை ரயர். ஆனால் அதுவரை காத்திருப்பது மாரியில் உதவாது. தவாளிப்பின் வேலை நீரை வெளியேற்றுவது. 3 மில்லிமீற்றருக்குக் கீழே போனதும் ஈர வீதியில் நிறுத்தும் தூரம் நன்றாகவே கூடிவிடுகிறது. எனவே ஐப்பசி மழைக்கு முன்னரே, புரட்டாதியில், நான்கையும் பார்த்து முடிவெடுங்கள்.

இரு ஓரங்களும் தேய்ந்து நடு நிற்குமானால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் வீல் எலைன்மென்ட், அதாவது சில்லுகள் நிற்கும் கோணம், பிசகியிருக்கிறது. உள்ளங்கையை ரயரின் குறுக்கே ஒரு திசையில் தடவும்போது வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் தடவும்போது கூராகவும் பட்டால், அதுவும் எலைன்மென்ட் பிழையே. ஆழமான கிடங்கொன்றில் விழுந்தெழும்பிய பிறகு இது அடிக்கடி நேரும். இடைவிட்டு இடைவிட்டுக் குழி விழுந்தால் அதிர்வு தாங்கியையும் வீல் பலன்சிங்கையும் (சில்லின் எடை சுற்றிவரச் சமமாக இருப்பதையும்) பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் குறைகளைத் திருத்தாமல் புதிய ரயர் போட்டால் அதுவும் அதே விதமாகத் தேயும்.

8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை முன் ரயர்களையும் பின் ரயர்களையும் மாற்றிப் போடுங்கள். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி உள்ளவற்றைப் பக்கம் மாற்றக்கூடாது. இரண்டு மட்டும் புதிதாக வாங்க முடிந்தால் அவற்றைப் பின்னுக்குப் போடுவதே பாதுகாப்பு. ஈர வீதியில் பின் சில்லுகள் வழுக்கினால் வாகனம் சுழன்றுவிடும், அதைச் சாதாரண சாரதியால் மீட்க முடியாது.

ஆணியும் முள்ளும்

முட்கம்பித் துண்டும் கூரை ஆணியும் உடை முள்ளும் நமது ஒழுங்கைகளில் குறைவில்லை. ரியூப் இல்லாத ரயரில் ஆணி ஏறியிருந்தால், அதை அந்த இடத்திலேயே பிடுங்காதீர்கள். காற்று மெதுவாகவே இறங்கும், அமுக்கத்தைப் பார்த்தபடி மெல்லக் கடைவரை போகலாம். தரையைத் தொடும் பரப்பில் 6 மில்லிமீற்றர் வரையான துளையையே ஒட்டலாம். வெளியிலிருந்து செருகும் திரி அவசரத்துக்கு உதவும். கழற்றி உட்புறமாக ஒட்டுவதே நிலையான வேலை, ஏனெனில் அப்போதுதான் உள்ளே இழை அறுந்திருப்பதைக் காண முடியும். பக்கச்சுவரில் வெட்டோ வீக்கமோ இருந்தால் ஒட்டச் சொல்லாதீர்கள். காற்றில்லாமல் சிறிது தூரம் ஓட்டிய ரயரும் உட்புறம் அரைபட்டிருக்கும். ஒட்டுசுட்டானுக்கும் முல்லைத்தீவுக்கும் போகும் வழியில் இரவில் கடை திறந்திருக்கும் என்று நம்பிச் செல்ல முடியாது. மேலதிகச் சில்லுக்கும் மாதம் ஒரு முறை காற்றுப் பாருங்கள். ஜக்கை மணலிலோ ஈரக் கிரவலிலோ நேரே ஊன்றாமல், அதற்கெனத் தடித்த பலகைத் துண்டொன்றை வாகனத்தில் வைத்திருங்கள்.

மோட்டார் சைக்கிளில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். கம்பிச் சில்லில் இருக்கும் ரியூப் குத்துப்பட்டால் காற்று திடீரென்று போய்விடும். புதிய ரயருக்குப் பழைய ரியூபைப் போட்டுச் சில நூறு ரூபாவை மிச்சம் பிடிப்பது வீண். பல 100 சிசி மோட்டார் சைக்கிள்களில் முன்னுக்கு 2.75-17, பின்னுக்கு 3.00-17 என்று வருவதை மாற்றி, அழகுக்காக அகலமான ரயர் போடும் இளைஞர்கள் கிரவலில் திருப்புவதற்குச் சிரமப்படுகிறார்கள். உழவு இயந்திரத்துக்கு வயலில் ஒரு காற்று, இழுவைப் பெட்டி பூட்டிப் பாரத்தோடு வீதியில் ஓட இன்னொரு காற்று. கைநூல் இரண்டையும் கூறும். வயலுக்குக் குறைத்த காற்றோடு பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதியில் மணல் ஏற்றி ஓடினால் பின் ரயரின் பக்கச்சுவர் தாங்காது.

கழற்றிய பழைய ரயரைக் கடையிலேயே ஒப்படைப்பது நல்லது. வீட்டில் வைத்திருக்க வேண்டுமானால் மழை படாத இடத்தில் வையுங்கள், அல்லது நீர் தேங்காதபடி துளையிடுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிட விரும்பும் இடங்களில் அதுவும் ஒன்று. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நுளம்பு பெருக விடுவது குற்றமாகும். ரயரை எரிக்கவும் வேண்டாம். அந்தப் புகை நச்சுத்தன்மை உடையது.